கப் கழுவிய தண்ணீரைத் திறந்துவிட்டது பற்றி

பெயர் நாகமுத்து ஜெயரட்ணம். வயது எழுபத்தாறு. பிறந்த திகதி என்று கடவுச்சீட்டில் இருப்பது என் தமையனார் உத்தேசமாகச் சொல்லி எழுதுவித்தது. மழைக்காலத்தில் பிறந்தேன் என்பது மட்டும் நிச்சயம். முகவரி, என் மகள் தர்ஷனாவின் வீடு, நார்த்மீட், சிட்னி. இப்போது தொழில் இல்லை. முன்னர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் ஓடிய லொறியில் கிளீனராக இருந்தேன். எழுத வாசிக்கத் தெரியாது. தமிழ் மட்டும் பேசுவேன்.

இந்த வாக்குமூலத்தை நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் திருமதி மீனாம்பாள் ஆங்கிலத்தில் சொல்ல, டிடெக்டிவ் ஹார்டி என்னும் உத்தியோகத்தர் கணினியில் பதிகிறார். தமிழில் ஒரு பிரதியைத் திருமதி மீனாம்பாள் கையால் எழுதுகிறார். அவர் மதுரைப் பக்கத்தவர். என் பேச்சு விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்கிறார், ஆகையால் பிழை வராது என்று நம்புகிறேன். நான் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கு எதிராகவும் வரலாம் என்றும், சட்டத்தரணி ஒருவரை அழைக்கலாம் என்றும் விளங்கப்படுத்தப்பட்டது. விளங்கியது. சட்டத்தரணி வேண்டாம் என்றேன். என்னை ஒருவரும் இங்கே கூட்டி வரவில்லை. பஸ்ஸில் வந்தேன். மகளிடம் மெரிலேண்ட்ஸுக்கு மரக்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும்போது வாங்கிக்கொண்டு போவேன், ஆகையால் அது பாதிப் பொய்.

சயந்தினி என்பவர் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருப்பவர். முப்பது வயதளவில். உறவு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, மெல்பேர்னில் கிளேட்டனில் படித்து, பிறகு வேலைக்காகச் சிட்னி வந்தவர். தண்ணீர் இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பொறியியலாளர். அந்த நிறுவனம் கொடுத்த விசாவில்தான் இந்த நாட்டில் இருக்கிறார். வேலை போனால் விசாவும் போகும். என் மகள் வேலைக்குப் போன பிறகு, காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்று, 'அங்கிள், குளுசை போட்டிட்டீங்களோ?' என்று கேட்பார். மாத்திரையைத்தான் குளுசை என்பது. ஓம் என்பேன். 'உண்மையாவோ?' என்று இரண்டாம் தரம் கேட்பார். அப்போது உள்ளே போய்ப் போடுவேன். அந்த அளவுக்குத்தான் பழக்கம்.

கார்டிங்டன் உள்ளரங்கில் பல நாட்டுப் பெண்களின் வலைப்பந்துப் போட்டி நடக்கப் போகிறது என்றும், எல்லாச் சனங்களிலிருந்தும் தொண்டர்கள் வேண்டும் என்றும் சயந்தினி சொன்னார். வீட்டில் சும்மா இருக்கிறேன், வருகிறேன் என்றேன். அந்தப் போட்டியைப் பச்சைப் போட்டி என்று சொன்னார்கள். ஒன்றும் எறியக்கூடாது. குடிக்கும் கப் எல்லாம் தடித்த பிளாஸ்டிக். குடித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கழுவி அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு கப்பின் அடியிலும் ஒரு சிறு பொட்டு இருந்தது. அது அந்தக் கப் எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லுமாம். மைதானத்தின் நடுவில் தொங்கிய பெரிய திரையில், ஆட்டத்தின் புள்ளிகளுக்குக் கீழே, எவ்வளவு தண்ணீர் மிச்சம் பிடித்தோம் என்று ஓர் எண் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். சனங்கள் அந்த எண்ணுக்கும் கை தட்டினார்கள்.

எனக்குக் கொடுத்த வேலை, கிழக்குப் பக்க வாசலில் நின்று குடித்து முடித்த கப்புகளை வாங்கித் தட்டில் அடுக்கி, கீழ்த்தளத்தில் உள்ள கழுவும் அறைக்கு வண்டியில் தள்ளிக்கொண்டு போவது. கழுவும் அறையில் இருப்பது நீளமான இயந்திரம், ஒரு பக்கம் அழுக்குக் கப் போகும், மறுபக்கம் கழுவின கப் ஆவி பறக்க வரும். அந்த இயந்திரத்துக்குச் சயந்தினிதான் பொறுப்பு. வந்த கப்புகளைத் திரும்ப வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை.

எனக்கு நீண்ட காலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். இதை ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை, ஆனாலும் சொன்னால்தான் கதவு திறக்கும் அட்டை என்னிடம் வந்த கதை விளங்கும் என்பதால் சொல்கிறேன். முதல் நாள் மேலே பொதுக் கழிப்பறையில் பெரிய வரிசை. நான் வரிசையில் நின்று, இயலாமல் விலகி, கட்டடத்துக்கு வெளியே போய் வேலிப் பக்கம் நின்றதைச் சயந்தினி கண்டார் என்று நினைக்கிறேன். கண்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நாள் காலையில் தன் கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, 'அங்கிள், உங்கட கப் வண்டி உள்ள போகேக்க கதவு திறக்கோணுமெல்லே, இதை வச்சிருங்கோ. உள்ளுக்க எங்கட ஆக்களின்ர ரொய்லெற்றும் இருக்கு, அங்கால வலப் பக்கம்' என்றார். வண்டிக்குக் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. அந்த அட்டை திறந்தது கழுவும் அறைக்குப் பின்னால் உள்ள வேறொரு கதவை. அதற்குள் தண்ணீர்த் தாங்கிகளும் குழாய்களும் இருக்கும் ஓர் அறை. அதைக் கடந்து போனால் கழிப்பறை. போட்டி முடியும்வரை ஒவ்வொரு நாளும் அந்த அட்டை என் கழுத்தில் இருந்தது. சயந்தினி தனக்கு உள்ளே போக வேண்டும் என்றால் என்னைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார். அதைப் பகிடியாகச் சொல்வார், 'என்ர முதலாளியைக் கூப்பிடுங்கோ' என்று.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. நியூசிலாந்துப் பிள்ளைகளும் மலாவிப் பிள்ளைகளும் விளையாடினார்கள். கந்தசட்டி விரத நாட்கள். எங்கள் கோவில் ஆட்கள் பலர் பார்க்க வந்திருந்தார்கள். அதில் ஒருவர் சிறிதரன் என்பவரின் மனைவி தவமணி. அவர் ஆறு நாளும் தண்ணீரும் பாலும் மட்டும் குடித்து விரதம் பிடிக்கிறவர். ஆட்டம் தொடங்கமுன் கிழக்கு வாசலுக்கு வந்து என்னிடம் ஒரு கப் கேட்டார். முகம் வாடியிருந்தது. கப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'அண்ணை, இது ஆர் ஆர் குடிச்ச கப்போ தெரியாது. நல்லாக் கழுவினதுதானே?' என்று கேட்டார். நான், 'என்ன தங்கச்சி, என்ர கையாலயெல்லோ எடுத்துக் கொண்டு வாறன். நெருப்பு மாதிரிச் சுடுதண்ணியில கழுவுறது. பயப்பிடாமக் குடியும்' என்றேன். அவர் கொண்டு போனார்.

அதன் பிறகு ஆட்டத்தின் முதற் பாதி முடிந்து நிறையக் கப்புகள் வந்தன. அதன் பிறகு நான் வண்டியைக் கழுவும் அறையில் விட்டுவிட்டு, அட்டையால் கதவைத் திறந்து கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வரும்போது, தாங்கிக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்றில் தண்ணீர் ஓடுவதைக் கண்டேன். ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போனவன்தான், ஆனால் நின்று பார்த்தது அன்றுதான். தண்ணீர் மங்கலாக இருந்தது. நுரை இருந்தது. பெண்கள் உதட்டில் பூசும் சிவப்பும் அதில் கலந்து ஓடியதைக் கண்டேன். அந்தக் குழாய் எங்கே போகிறது என்று கையை வைத்து வைத்துப் பின்னால் போனேன். அது சுவரைத் துளைத்துக்கொண்டு திரும்பவும் கழுவும் இயந்திரத்துக்குள்ளேயே போனது. அதாவது கப்பைக் கழுவின தண்ணீரால்தான் அடுத்த கப்பைக் கழுவுகிறார்கள். எல்லாருடைய எச்சிலும் அதே தண்ணீரில் சுற்றிச் சுற்றி வருகிறது என்று எனக்கு விளங்கியது.

இந்த இடத்தில் எச்சில் என்ற சொல்லை உத்தியோகத்தருக்கு விளங்கப்படுத்தத் திருமதி மீனாம்பாளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரு சொல் சொன்னார். உத்தியோகத்தர் தலையை ஆட்டவில்லை. அதன் பிறகு தன் கையையும் வாயையும் காட்டி நீளமாகச் சொன்னார். அதன் பிறகு என்னிடம், 'ஐயா, அழுக்குங்கறதுக்கு அவங்ககிட்ட வார்த்தை இருக்கு. இதுக்கு இல்ல. வாய் பட்டதைக் கொடுத்தா கொடுத்தவனுக்கும் பாவம்னு சொல்லியிருக்கேன், சரியா?' என்று கேட்டார். சரி என்றேன். உத்தியோகத்தர் தன் கோப்பிக் கப்பைப் பார்த்துவிட்டு அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

எனக்கு நினைவுக்கு வந்தது தவமணிதான். விரதக்காரிக்கு நான் வாக்குக் கொடுத்துக் கொடுத்த கப். ஆனாலும் நான் உடனே ஒன்றும் செய்யவில்லை. கேட்டுப் பார்ப்போம் என்று வெளியே வந்தேன். சயந்தினி அங்கே இல்லை. மேற்குப் பக்கத்து இயந்திரத்தில் ஏதோ சிக்கல் என்று போயிருந்தார். கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யும் கிரண் என்ற தம்பி அந்த வழியால் போனார். அவர் இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் சொல்வார். நான் அவரை மறித்து, 'தம்பி, இந்தக் கழுவுற தண்ணி திரும்பவும் கப்புக்குத்தான் போகுதோ?' என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டு, 'யெஸ் அங்கிள்! ஹண்ட்ரட் பெர்சன்ட் ரீசைக்கிள்!' என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் யெஸ் தெரியும். ரீசைக்கிள் என்ற சொல்லும் அந்தப் போட்டியில் நாள் முழுக்கக் கேட்ட சொல். அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பிறகு நான் திரும்ப உள்ளே போனேன். அட்டையால் நானே கதவைத் திறந்தேன். தாங்கியின் அடியில் ஒரு வால்வு இருந்தது, சிவப்புக் கைபிடி. அதில் ஓர் அறிவிப்புத் துண்டு தொங்கியது, அதில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைத் திறக்கக்கூடாது என்று எழுதியிருந்ததாக இன்றைக்கு உத்தியோகத்தர் சொன்னார். நான் வால்வைத் திறந்தேன். தண்ணீர் பெரிய சத்தத்தோடு நிலத்தில் உள்ள வடிகாலுக்குள் போனது. என் காலில் கிடந்த சப்பாத்து நனைந்தது. தாங்கி வற்ற வற்ற மேலே இருந்து புதுத் தண்ணீர் தானாக வந்தது. அது நல்லது, உள்ளே இருப்பதையும் அலசிக்கொண்டு போகட்டும் என்று நினைத்து வால்வைத் திறந்தபடியே விட்டேன். தண்ணீர் தெளிவாக வரத் தொடங்கியதும் மூடலாம் என்று நின்றேன். அது தெளியமுன் இயந்திரம் கத்தியது. சுவரில் இருந்த வெளிச்சம் எல்லாம் சிவப்பாகியது. அதன் பிறகு மேலே இருந்து வந்த தண்ணீரும் நின்றுவிட்டது. நான் வால்வை மூடினேன்.

இயந்திரங்களைத் தொடக்கூடாது என்று யாராவது எனக்குச் சொன்னார்களா என்று உத்தியோகத்தர் கேட்டார். ஓம், சொன்னார்கள். தொண்டர்கள் எல்லாரும் முதலில் கணினியில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் சயந்தினி எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கணினியை வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்தார். நான் யோசித்துப் பதில் சொன்னேன். அவர் கணினியில் அதை அமத்தினார். பிழையான பதிலை நான் சொன்னபோது பிழையையே அமத்தினார். அது சிவப்பாகக் காட்டியது. திரும்ப முதலில் இருந்து செய்ய வைத்தார். 'நான் சொல்லித் தந்தா அது என்ர சோதினை, உங்கட இல்லை' என்று சொன்னார். உத்தியோகத்தர் அந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்று நினைவிருக்கிறதா என்று கேட்டார். நான் முதற் கேள்வியிலிருந்து சொன்னேன். தீப் பிடித்தால் எந்தப் பக்கத்தால் போவது, பிள்ளை தனியே நின்றால் யாரிடம் சொல்வது, படிக்கட்டில் வண்டியை நிறுத்தலாமா, மயங்கி விழுந்தவருக்குத் தண்ணீர் பருக்கலாமா, ஒவ்வொரு கேள்விக்கும் சொல்லப்பட்ட பதில்கள் எவை, அதில் நான் சொன்ன பதில் எது என்றும் சொன்னேன். நடுவில் உத்தியோகத்தர் போதும் என்று கையைத் தூக்கினார். இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று சொல்லி அதையும் சொன்னேன். உங்களுக்குக் கொடுக்கப்படாத இயந்திரத்தில் ஏதோ பிழை என்று கண்டால் நீங்களே கை வைக்கலாமா? கூடாது, பொறுப்பானவருக்கு அறிவிக்க வேண்டும். அந்தப் பதிலை நான் முதற் தரமே சரியாகச் சொன்னேன். ஆகையால் எனக்குத் தெரியாது என்று சொல்ல ஏலாது. சயந்தினி எனக்குப் படிப்பிக்கவில்லை என்றும் யாரும் சொல்ல ஏலாது. இதை அப்படியே எழுதச் சொல்லிக் கேட்டேன்.

அதன் பிறகு நடந்ததில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம். மற்றவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே சொல்கிறேன். புதுத் தண்ணீர் நில்லாமல் ஓடியதால், எங்கோ பெரிய குழாய் வெடித்துவிட்டது என்று கட்டடத்தின் கணினி நினைத்ததாம். நினைத்து, தண்ணீர் வீணாகாமல் காக்க, முழுக் கட்டடத்துக்கும் வரும் தண்ணீரைத் தானே பூட்டிவிட்டதாம். கழிப்பறை, குடிக்கும் குழாய் எல்லாம் நின்றன. திரையில் ஏறிக்கொண்டிருந்த மிச்சத் தண்ணீர் எண் எல்லாருக்கும் முன்னால் கீழே இறங்கத் தொடங்கியதாம், சனங்கள் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்களாம். இது தவமணி சொன்னது. தீயணைக்கும் தண்ணீரும் இல்லாத கட்டடத்தில் சனத்தை வைத்திருக்கக்கூடாது என்பது சட்டமாம், ஆகையால் மூன்றாம் பகுதியின் நடுவில் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். இது கிரண் பிறகு சொன்னதாகச் சயந்தினி சொன்னது. நான் கண்டது, மேலே ஏறி வந்தபோது மலாவி அணியின் உயரமான பிள்ளை ஒன்று பந்தைக் கையில் வைத்தபடி வளையத்தின் கீழே நின்றது. விசில் ஊதிய பிறகும் பந்தைக் கீழே வைக்கவில்லை. அப்போது அவர்கள்தான் முன்னால் நின்றார்கள். மிச்ச ஆட்டத்தைத் திங்கட்கிழமை ஆள் இல்லாத மண்டபத்தில் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் தோற்றதை மகளின் போனில் பார்த்தேன்.

சனங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தபோது சயந்தினி ஓடிவந்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார். என் கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, 'அங்கிள், நீங்கள் வீட்டை போங்கோ. சப்பாத்தைக் கழற்றி வெயிலில வையுங்கோ' என்று மட்டும் சொன்னார்.

வெளியே கார் பார்க்கில் ஒரே சனம். யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். போட்டி தொடங்கமுன் அப்படி ஒரு மிரட்டல் வந்ததாம். நானும் அதை நம்பினேன். என் வால்வால் ஒரு கழுவும் இயந்திரம் நின்றது, ஆட்டம் நின்றது வேறு யாராலோ என்று நினைத்தேன். அங்கே தவமணியைக் கண்டேன். எனக்கு அப்போது பெரிய கவலை அவரைப் பற்றித்தான். கிட்டப் போய், 'தங்கச்சி, ஒரு பிழை நடந்திட்டுது. நான் குடுத்த கப் எச்சில் தண்ணியில கழுவினது. எனக்குத் தெரியாது. உம்மட விரதம்...' என்று சொல்லத் தொடங்கினேன். அவர் சிரித்தார். 'ஐயோ அண்ணை, அதுக்கே இந்த முகம்? நான் அதைக் கொண்டுபோய்க் குழாயில மூண்டு தரம் அலம்பிப்போட்டெல்லோ தண்ணி பிடிச்சனான். பிடிச்சும் அண்ணாந்துதான் குடிச்சனான். வாயே படேல்லை. உங்கட சுடுதண்ணிக் கதையை ஆர் நம்பினது?' என்றார். பக்கத்தில் நின்ற சிறிதரன், 'கலியாணங் கட்டி நாப்பது வருசம், நான் கழுவிக் குடுத்த கிளாசையே அவ திரும்பக் கழுவுறவ' என்றார். நானும் சிரித்தேன். நல்லது என்று வீட்டுக்குப் போனேன். சப்பாத்தை வெயிலில் வைத்தேன்.

திங்கட்கிழமை சயந்தினி வாசலில் நிற்கவில்லை. குளுசையைப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மகள் தர்ஷனா வேலையால் வந்து சொன்னார், சயந்தினியைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் விசாரித்து விட்டிருக்கிறது, கணினியையும் போனையும் எடுத்து வைத்திருக்கிறது, நிறுவனம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது என்று. அந்தத் தாங்கி அறைக் கதவு சயந்தினியின் அட்டையால் திறக்கப்பட்டது கணினியில் பதிவாகியிருக்கிறதாம். தண்ணீர் திறந்ததும் அப்போதுதானாம். அட்டை யாரிடம் இருந்தது என்று கேட்டதற்கு, தன் கழுத்தில்தான் இருந்தது என்று சயந்தினி சொல்லியிருக்கிறார். மகள் இதைச் சொல்லிக்கொண்டு தேத்தண்ணி போட்டார். நான் கதிரையில் இருந்தேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் சேர்ந்து விளங்கியது. 'அது நான்தான்' என்று மகளிடம் சொன்னேன். மகள் கேத்தலை வைத்துவிட்டு, 'அப்பா, இதை இன்னொருத்தருக்கும் சொல்லாதேங்கோ. உங்கட சிற்றிசன் அலுவல் இன்னும் முடியேல்லை. எழும்பி ஒரு இடமும் போகாதேங்கோ' என்றார். என் மகளைப் பிழை சொல்ல மாட்டேன்.

மகள் குளிக்கப் போனபோது நான் சயந்தினியின் அறைக்குப் போனேன். அவர் பெட்டியைத் திறந்து வைத்து உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடி, 'ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீர்?' என்று கேட்டேன். அவர், 'வேற என்ன சொல்லுறது அங்கிள்? கிழவனுக்கு ஒண்டுக்குப் போகக் குடுத்தனான் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுறதோ?' என்றார். 'சொல்லும். எனக்கென்ன' என்றேன். 'உங்களுக்கு வெக்கம். எனக்குத் தெரியும். பிறகு உங்களைப் பிடிச்சு வச்சு ராத்திரி பகலாக் கேப்பினம். உங்களை அங்க கூட்டிக்கொண்டு போனது நான். சும்மா இருங்கோ, உங்களுக்கு ஒண்டும் வராது' என்றார். 'எனக்கு வராது. உமக்கெல்லோ வந்திட்டுது' என்றேன். அவர் இன்னொரு உடுப்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

பிறகு அவர், ஏன் திறந்தீர்கள் என்று கேட்டார். நான் எச்சில் தண்ணீரின் கதையைச் சொன்னேன். அவர் கட்டிலில் இருந்துவிட்டார். அந்தத் தண்ணீர் முதற் கழுவலுக்கு மட்டும்தான் போவது என்றும், கடைசியில் ஒவ்வொரு கப்பிலும் கொதிக்கும் புதுத் தண்ணீர்தான் படுகிறது என்றும், அதற்குப் பிறகு கிருமி கொல்லும் ஒரு வெளிச்சத்துக்குள்ளாலும் போகிறது என்றும், அந்தக் கப் எங்கள் வீட்டுக் குசினிக் கப்பைவிடச் சுத்தம் என்றும் சொன்னார். 'அதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே பிள்ளை' என்றேன். 'கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் அங்கிள்' என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். நான் பெட்டிக்குள் இருந்த உடுப்பை வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். அது இன்னொருவருடைய பெட்டி, கை வைத்திருக்கக்கூடாது. அதுவும் நடந்தது என்பதால் சொல்கிறேன்.

அவர் சொன்ன விளக்கம் இப்போது எனக்கு விளங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திறந்திருக்க மாட்டேனா என்று உத்தியோகத்தர் கேட்டார். அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்த கண்ணோடு இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். கடைசியில் கொதிக்கிற தண்ணீர் படுகிறது என்று தெரிந்திருந்தால் திறந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் நான் அந்தக் கப்பில் குடித்திருக்க மாட்டேன்.

இன்று புதன்கிழமை காலை இந்த நிலையத்துக்கு வந்தேன். மேலே உள்ளவற்றைச் சொல்லி முடித்த பிறகு உத்தியோகத்தர் கணினியிலிருந்து கையை எடுத்தார். நான் இந்த அறைக்குள் வந்த நேரத்திலிருந்து அவர் என்னை மரியாதையாகவே நடத்தினார். எனக்காக இரண்டு தரம் எழுந்து கழிப்பறைக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு அவர் திருமதி மீனாம்பாள் மூலம், இடம் நெருக்கம், நிலம் ஈரம், வயதான ஆள், வால்வில் கை தட்டுப்பட்டுத் திறந்திருக்கலாம் அல்லவா, அப்படித்தான் நடந்தது என்றால் அப்படியே எழுதலாம், இது இத்துடன் முடிந்துவிடவும் கூடும் என்று சொன்னார். திருமதி மீனாம்பாள் அதைச் சொல்லிவிட்டு, 'ஐயா, அவர் உங்களுக்காகத்தான் சொல்றார். யோசிச்சுச் சொல்லுங்க' என்று தன் பங்குக்கும் சொன்னார்.

யோசித்தேன். கை தட்டுப்பட்டது என்று எழுதினால், ஒன்றும் தெரியாத ஒரு கிழவனை அந்த அறைக்குள் விட்டது யார் என்ற கேள்வி அடுத்ததாக வரும். அது சயந்தினியிடம் போய் நிற்கும். ஆகையால் இல்லை என்றேன். கை தட்டுப்படவில்லை. கேட்டு, யோசித்து, இரண்டாம் தரம் உள்ளே போய், பிடித்துத் திருகித் திறந்தேன். யாரும் என்னை ஏவவில்லை. திறக்கப் போகிறேன் என்று சயந்தினிக்குத் தெரியாது. தன் நிறுவனத்தின் விதிப்படி அந்த அட்டையை அவர் கழற்றியிருக்கக்கூடாது என்று உத்தியோகத்தர் சொல்கிறார். அதற்கு நான் என்ன சொல்ல? ஏன் கழற்றினார் என்பதைச் சொல்லிவிட்டேன். அதை விசாரிக்கிறவர்களில் வயதான தகப்பன் உள்ளவர் ஒருவராவது இருப்பார்.

இதற்குமேல் எனக்குச் சொல்ல இல்லை. இதில் உள்ள ஒவ்வொரு வரியையும் திருமதி மீனாம்பாள் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் திருத்தினேன். திருத்தியதைத் திரும்ப வாசிக்கக் கேட்டேன். நான் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், செய்ததைச் செய்ததாகவும் சொல்லியிருக்கிறேன். பயமுறுத்தலுக்கோ ஆசை வார்த்தைக்கோ உட்பட்டு ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துத் தெரியாததால் இடது கைப் பெருவிரல் அடையாளம் கீழே வைக்கப்பட்டது.

அதன் பிறகு, அட்டை என் கழுத்தில் இருந்தது என்ற வரி இந்தத் தாள்களில் எங்கே இருக்கிறது என்று திருமதி மீனாம்பாளைக் கேட்டேன். அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த வரிக்குப் பக்கத்திலும் அடையாளம் வைக்க வேண்டும் என்றேன். அங்கே தேவையில்லை, கடைசியில் ஒன்று இருந்தால் போதும் என்று உத்தியோகத்தர் சொன்னார். நான் விரலைத் துடைக்காமல் வைத்திருந்தேன். அவர் மைப் பெட்டியைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். வைத்தேன்.

நா. ஜெயரட்ணம், இடது கைப் பெருவிரல் அடையாளம்
மொழிபெயர்த்து எழுதியவர்: மீனாம்பாள்
பதிந்தவர்: டிடெக்டிவ் ஹார்டி